பரணில் கிடைத்த இரண்டு போர்க்கால ஹெல்மெட்டுகள்: எது அசல், எந்த அளவுக்கு அசல்?

பழைய வீடு ஒன்றின் பரணைக் காலி செய்தபோது ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு இரும்பு ஹெல்மெட்டுகள் கிடைத்தன. ஒன்று தட்டையானது, சுற்றிலும் அகன்ற விளிம்பு, பழுப்பு நிறப் பெயின்ட். இன்னொன்று காதையும் பிடரியையும் மறைக்கும்படி கீழே இறங்கியது, கருஞ்சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் சின்னங்கள். வீட்டில் வழிவழியாக வந்த கதை இது: தட்டையானது தாத்தா போரில் அணிந்தது, மற்றது அவர் எதிரியிடமிருந்து எடுத்துவந்தது. தட்டையான ஹெல்மெட்டின் விளிம்பருகே இருக்கும் மூன்று ஓட்டைகள் குண்டு பட்ட தடம் என்றும் சொன்னார்கள்.

பேரன் போனில் கேட்டார்: "ரெண்டும் அசலா சார்? துருவைத் தேய்ச்சு எடுத்துட்டுக் கொண்டு வரட்டுமா?"

இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொன்னேன். தேய்க்க வேண்டாம், கழுவ வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம், பெட்டியில் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவாருங்கள். துருவும் அழுக்கும் பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் எந்தப் பாகம் எதனோடு எவ்வளவு காலம் சேர்ந்திருந்தது என்பதைச் சொல்லக்கூடியவை அவைதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த ஹெல்மெட்டில் பெயின்டைப் பற்றியோ சின்னத்தைப் பற்றியோ உறுதியாகப் பேச முடியாது. இந்த வழக்கில் அந்தத் தேய்ப்பு நடந்திருந்தால் முக்கியமான சாட்சியம் ஒன்று போயே போயிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

'அசலா?' என்ற கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு ஆய்வு செய்ய முடியாது. ஒரு ஹெல்மெட்டில் இரும்பு ஓடு இருக்கிறது, அதன் மேல் பெயின்ட், பெயின்ட் மேல் சின்னம், உள்ளே தோல், அந்தத் தோலைப் பிடித்திருக்கும் ஆணிகள், தாடைவார், சில சமயம் யாரோ எழுதிய பெயர். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயது இருக்கலாம். ஓடு அசலாக இருந்து சின்னம் புதிதாக இருக்கலாம். பாகங்கள் வெவ்வேறு ஆண்டைச் சேர்ந்தவையாக இருந்தும் மொத்தமும் அசலாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு பாகத்துக்கும் தனித் தீர்ப்பு எழுதினேன்.

கதையை முதலில் வாங்குவது

பொருளைத் தொடுவதற்கு முன்பு வீட்டில் உள்ள பெரியவர்களிடம் தனித்தனியாகப் பேசினேன். சேர்த்து உட்கார வைத்துக் கேட்டால், உரக்கச் சொல்பவரின் கதைதான் எல்லாருடைய கதையாகவும் ஆகிவிடும். பேரனும் அவருடைய அப்பாவும் மேலே சொன்ன கதையையே சொன்னார்கள். பெரியப்பா சின்னங்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. மூத்தவரான பெரிய அத்தை சொன்னது மட்டும் வேறு: "அப்பா சண்டைக்கெல்லாம் போகலை. ராத்திரியில வெளக்கணைக்கச் சொல்லி வீதி வீதியாப் போவார். அந்த இன்னொண்ணு அவர் சிநேகிதர் ஒருத்தர் கொடுத்தது." அவருக்கு வயதாகிவிட்டது, எல்லாவற்றையும் குழப்பிக்கொள்கிறார் என்று மற்றவர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள்.

நான் தள்ளவில்லை, நம்பவும் இல்லை. எழுதி வைத்துக்கொண்டேன். வீட்டுக் கதை ஹெல்மெட்டின் வயதுக்குச் சான்று ஆகாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். போலிகளை விற்பவர்களும் முதலில் விற்பது கதையைத்தான், அதனால் கதை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

தட்டையான ஹெல்மெட்

இந்த வடிவத்துக்கு மூலம் ஜான் லியோபோல்ட் பிராடி 1915இல் காப்புரிமை பெற்ற பிரிட்டிஷ் ஹெல்மெட். மேலிருந்து விழும் வெடிச்சிதறல்களிலிருந்து தலையைக் காப்பதே அதன் வேலை. முதலில் சாதாரண எஃகில் செய்தார்கள். சீக்கிரமே ஹாட்ஃபீல்டு எஃகுக்கு மாறினார்கள், அதாவது ஏறத்தாழ 12 சதவீதம் மாங்கனீசு கலந்த எஃகு. 1938 வாக்கில் உள்பகுதியை மாற்றி வந்தது மார்க் 2. இரண்டாம் உலகப்போர் முழுக்க பிரிட்டிஷ் படைகளும் பேரரசின் மற்றப் படைகளும் அதிகமாக அணிந்தது இதைத்தான்.

உள்ளே கை வைப்பதற்கு முன் இது முதல் போர்க்காலத்ததா, மார்க் 2ஆ என்று தெரிந்துகொள்வது பாதுகாப்புக்கும் தேவை. முதல் போர்க்கால பிரிட்டிஷ் ஹெல்மெட்டுகளின் உள்பகுதியில் அஸ்பெஸ்டாஸ் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. உதிரும் நிலையில் இருக்கும் பழைய உள்துணியைப் பிய்த்துப் பார்ப்பது ஆபத்து. இங்கே உள்ளே இருந்தது கறுப்பு எண்ணெய்த்துணி, உச்சியில் சிலுவை வடிவ ரப்பர் மெத்தை, ஓட்டின் உச்சியில் ஒரே ஒரு திருகு. இது மார்க் 2வின் அமைப்பு. விளிம்பின் அடியில் தயாரிப்பாளரின் எழுத்துகளும் 1940 என்ற ஆண்டும் குத்தப்பட்டிருந்தன. அந்தக் குழிகளுக்குள்ளும் பெயின்ட் இறங்கியிருந்தது. பிற்காலத்தில் குத்திய முத்திரையாக இருந்தால் பெயின்ட் உடைந்து இரும்பு வெளியே தெரிந்திருக்கும்.

அடுத்தது காந்தம். ஹாட்ஃபீல்டு எஃகைக் காந்தம் பிடிக்காது. ஆகவே போர்முனைக்கு அனுப்பப்பட்ட மார்க் 2 ஓட்டின் மேல் காந்தத்தை வைத்தால் வழுக்கி விழும். அமெரிக்காவின் எம்1 ஹெல்மெட்டின் ஓடும் மாங்கனீசு எஃகுதான், அதற்கும் இதே சோதனை பொருந்தும். வீட்டிலேயே யாரும் செய்யக்கூடிய, பொருளுக்குச் சேதமில்லாத சோதனை இது. காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டால் பெயின்டில் கீறலும் விழாது. ஜெர்மன் ஹெல்மெட்டுக்கு மட்டும் இதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. அவற்றின் எஃகு வேறு வகை, காந்தம் ஒட்டத்தான் செய்யும்.

நம் தட்டையான ஹெல்மெட்டில் காந்தம் நன்றாகவே ஒட்டியது. அதாவது இது சாதாரண எஃகு.

இந்த இடத்தில் 'போலி' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அவசரம் அது. விளிம்பருகே இருந்த மூன்று ஓட்டைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மூன்றும் ஒரே அளவு, வரிசையாக, ஒரே இடைவெளியில். ஓட்டையின் சுவர் நேராக, வழவழப்பாக இருந்தது. குண்டோ சிதறலோ துளைத்தால் இரும்பு ஒரு பக்கமாக வளையும், ஓரம் கிழியும், சுற்றியுள்ள பெயின்ட் வளையமாகத் தெறித்திருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. இவை துரப்பணத்தில் போட்ட துளைகள், அதுவும் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே போட்டவை, ஏனென்றால் துளையின் உள்சுவரிலும் பழைய பெயின்ட் இருக்கிறது. பிரிட்டனில் போர்முனைத் தரத்துக்கு எட்டாத, அல்லது சாதாரண எஃகில் செய்த ஓடுகளை அடையாளம் காட்ட விளிம்பில் இப்படித் துளையிட்டார்கள். துளைகளின் எண்ணிக்கை தரத்தைக் குறித்தது. அப்படிப்பட்ட ஹெல்மெட்டுகள் போலீஸ், தீயணைப்பு, வான்தாக்குதல் தற்காப்புப் பணியாளர்கள் போன்றவர்களுக்குப் போயின. குண்டுத் தடம் என்று வீட்டில் இத்தனை காலம் நம்பியது, இந்த ஹெல்மெட்டைப் போர்முனைக்கு அனுப்பக் கூடாது என்று காட்டும் அடையாளம்.

அப்புறம் விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச்சை ஓட்டின் பரப்போடு ஒட்டினாற்போலப் படுக்கவைத்துப் பிடித்தால், பெயின்டுக்குள் இருக்கும் மிகச் சிறிய மேடு பள்ளமும் நிழல் போடும். முன்பக்கம், பழுப்புப் பெயின்டின் அடியில், ஓர் எழுத்தின் விளிம்பு தெரிந்தது. ஆங்கில 'டபிள்யூ'. பெயின்ட் உதிர்ந்திருந்த ஒரு சின்ன இடத்தில் கறுப்பின் மேல் வெள்ளை. வான்தாக்குதல் காலத்தில் தெருத்தெருவாகப் போய் விளக்குகளை அணைக்கச் சொல்லி, மக்களைப் பதுங்குமிடத்துக்கு அனுப்பிய வார்டன்களின் ஹெல்மெட்டில் இருந்த எழுத்து அது. பிற்பாடு யாரோ அதற்கு மேல் பழுப்பு அடித்திருக்கிறார்கள்.

பேரன் தேய்க்க நினைத்தது இந்த இடத்தைத்தான். துரு அதிகமாக இருந்தது இங்கேதான்.

பெரிய அத்தை சொன்னதை மற்றவர்களுக்கு மறுபடி வாசித்துக் காட்டினேன். தாத்தாதான் இதை அணிந்தார் என்று ஹெல்மெட் சொல்லவில்லை, அதில் அவர் பெயர் எங்கும் இல்லை. ஆனால் இது ஒரு வார்டனின் ஹெல்மெட் என்று சொல்கிறது, அவருடைய மகளின் நினைவும் அதையே சொல்கிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு சாட்சியங்கள் ஒரே இடத்தில் வந்து நிற்பதைவிட நல்ல ஆதாரம் இந்தத் துறையில் அபூர்வம். பேரனுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. எனக்கோ இது மற்றதைவிட மதிப்புள்ள கண்டுபிடிப்பாகப் பட்டது. எதிரியின் ஹெல்மெட்டுகள் உலகெங்கும் எத்தனையோ அலமாரிகளில் இருக்கின்றன. ஒரு வார்டனின் ஹெல்மெட் அவருடைய வீட்டிலேயே, அவர் மகளின் நினைவோடு கிடைப்பது அப்படியல்ல.

சாம்பல் நிற ஹெல்மெட்: ஓடும் உள்தோலும்

அதிகம் போலி செய்யப்படும் வகை இது. ஜெர்மன் ஹெல்மெட்டுக்குச் சேகரிப்பாளர்களிடம் தேவை அதிகம். சின்னம் இல்லாத ஓட்டை வாங்கி, ஒரு சின்னத்தை ஒட்டினால் விலை ஏறும். இரண்டு சின்னம் என்றால் இன்னும் ஏறும். அதனால் சின்னத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். கண் முதலில் அங்கே போனால் மற்ற எதையும் நிதானமாகப் பார்க்க விடாது.

ஜெர்மன் ராணுவம் 1916இல் கொண்டுவந்த ஓடு பெரியது, பக்கவாட்டில் கொம்பு போல நீட்டிய குழல்கள் கொண்டது. 1935இல் சிறிய வடிவம் வந்தது. அதில் காற்றுத்துளைக்குத் தனி உலோக வளையம் செருகியிருப்பார்கள். 1940இல் வந்த மாற்றத்தில் அந்த வளையம் போய், ஓட்டை அழுத்தும்போதே துளையின் விளிம்பையும் சேர்த்து அழுத்தினார்கள். 1942இல் இன்னும் சிக்கனம்: விளிம்பை உள்ளே மடிப்பதை விட்டுவிட்டார்கள், வெட்டிய ஓரம் அப்படியே வெளியே விரிந்து நிற்கும். சேகரிப்பாளர்கள் இவற்றை எம்35, எம்40, எம்42 என்பார்கள். நம் கையில் இருந்தது மடித்த விளிம்பும் அழுத்திய துளையும் கொண்டது. எம்40.

இதே சாயலில் வேறு நாட்டு ஹெல்மெட்டுகளும் உண்டு. ஹங்கேரியின் ஓட்டில் பின்பக்கம் ஒரு சதுர வளையம் ஆணியடித்திருக்கும். ஸ்பெயினின் ஓட்டில் காற்றுத்துளையே இருக்காது. இரண்டும் அசல் ராணுவப் பொருள்கள்தான், ஆனால் அவற்றுக்குச் சாம்பல் பெயின்ட் அடித்து, கழுகை ஒட்டி ஜெர்மன் என்று விற்றிருக்கிறார்கள். பின்பக்கத்தையும் துளைகளையும் பார்த்தால் சில நொடிகளில் தீரும் சந்தேகம் இது. இங்கே அந்தச் சிக்கல் இல்லை.

உள்ளே இடது பக்கம் 'ஈடி 64' என்ற முத்திரை. 'ஈடி' என்பது தாலே நகரின் இரும்பாலையைக் குறிப்பது; 64 ஓட்டின் அளவு. பின்பக்கம் எஃகுத் தொகுதியின் எண். இரண்டு முத்திரைகளுக்குள்ளும் வெளிப்பக்கம் இருக்கும் அதே பெயின்ட், அதற்கு மேல் பழைய அழுக்கு.

உள்தோலைத் தாங்கும் உலோக வளையம் துத்தநாகம் பூசிய எஃகு. முந்தைய வளையங்கள் அலுமினியம். போர் தொடங்கிய பிறகு எஃகுக்கு மாறினார்கள். வளையத்தில் 1940 என்ற ஆண்டும், ஓட்டின் அளவு 64, தலையின் அளவு 57 என்ற இரண்டு எண்களும் குத்தப்பட்டிருக்கின்றன. தோலில் மையால் குத்திய அளவும் 57. 64 ஓட்டுக்கு 56 அல்லது 57தான் பொருந்தும். இந்தக் கணக்குத் தெரியாதவர்கள் கையில் கிடைத்த உள்தோலைக் கிடைத்த ஓட்டுக்குள் மாட்டி விற்பார்கள், அளவுகள் ஒன்றோடொன்று சண்டை போடும். இங்கே மூன்று எண்ணும் ஒத்துப்போகின்றன.

அதைவிட வலுவான சான்று ஆணிகளில் இருந்தது. உள்தோல் வளையத்தை ஓட்டோடு பிடிப்பவை மூன்று பிளவு ஆணிகள்: ஓட்டுக்கு வெளியிலிருந்து செருகி உள்ளே இரண்டு காலையும் விரித்து மடிப்பார்கள். உள்தோலைக் கழற்றினால் அந்தக் கால்களை நிமிர்த்தி மறுபடி மடிக்க வேண்டும். மடிப்பில் பூச்சு வெடிக்கும், வளையத்தில் கால்களின் இரண்டாவது தடம் விழும், வெளியே ஆணித்தலை சற்றே சுழன்று முந்தைய வட்டத்திலிருந்து விலகி நிற்கும். இங்கே மூன்று தலைகளையும் சுற்றி, ஆணியும் ஓடும் சந்திக்கும் கோட்டில், துருவும் அழுக்கும் உடையாத ஒரே வளையமாகப் படிந்திருந்தன. உள்ளே கால்களுக்கு ஒரே தடம். இந்த உள்தோல் மாட்டப்பட்ட நாளிலிருந்து கழற்றப்படவில்லை என்று துணிந்து எழுதினேன்.

ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பாகங்களின் வயது ஒத்துப்போகவில்லை என்பதாலேயே ஒன்று போலி ஆகிவிடாது. பிரிட்டன் 1930களின் கடைசியில் முதல் போர்க்கால ஓடுகளை எடுத்து, புது உள்பகுதி மாட்டித் திரும்ப வழங்கியது. 1917 ஓட்டுக்குள் 1939 உள்பகுதி இருந்தால் அது அசல் சேர்க்கை. ஜெர்மனியும் தன் பழைய ஓடுகளுக்கு அப்படிச் செய்தது. ராணுவமே செய்த மாற்றமா, பிற்பாடு ஒருவர் மேசையில் வைத்துச் செய்த மாற்றமா என்பதுதான் கேள்வி. ஆணிகளும் பெயின்டும்தான் அதற்குப் பதில் சொல்லும்.

தாடைவார் விஷயம் சுருக்கமானது. தோல் தடிமனாக, ஓரம் கூர்மையாக இருந்தது. புற ஊதா டார்ச்சில் தையல் நூல் நீல வெள்ளையாகப் பளிச்சிட்டது. அப்படி ஒளிரவைக்கும் வெண்மையூட்டிகள் போருக்குப் பிந்தைய நூலிலும் துணியிலும்தான் பரவலாயின. வார் பிற்காலத்தது. பழைய வார்தான் முதலில் அறுந்துபோகும் பாகம், அதனால் மாற்று வார் இருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

சின்னங்கள்

இவை வரைந்தவை அல்ல. ஒரு மெல்லிய வார்னிஷ் படலத்தில் அச்சிட்டு ஓட்டுக்கு மாற்றி ஒட்டுபவை, டெக்கால் என்பார்கள். ஜெர்மன் தரைப்படை ஹெல்மெட்டில் 1935 முதல் இடது பக்கம் வெள்ளிச் சாம்பல் நிறக் கழுகு, வலது பக்கம் கறுப்பு வெள்ளை சிவப்புக் கேடயம். 1940 மார்ச்சில் வலது பக்கக் கேடயத்தை நிறுத்த உத்தரவு வந்தது. களத்தில் தூரத்திலிருந்தே கண்ணில் பட்டது என்பது காரணம். 1943 ஆகஸ்டில் கழுகையும் நிறுத்தினார்கள்.

எம்40 ஓடு வந்த அதே சமயத்தில்தான் கேடயம் நிறுத்தப்பட்டது. அப்படியானால் எம்40 ஓட்டில் இரண்டு சின்னமும் எப்படி? உத்தரவு வந்த மறுநாளே எல்லா ஆலையிலும் வேலை மாறிவிடாது, கைவசம் இருந்த சின்னங்களை ஒட்டித் தீர்த்திருக்கலாம். இரட்டைச் சின்னம் கொண்ட எம்40 இருக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது அபூர்வம், அபூர்வமானதற்கு ஆதாரமும் அதற்கேற்ற அளவு வேண்டும். உத்தரவுத் தேதியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் தவறு, 'ஆலையில் மிச்சம் இருந்திருக்கும்' என்று எல்லாவற்றையும் ஏற்பதும் தவறு.

இடது பக்கக் கழுகிலிருந்து தொடங்கினேன். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் அச்சின் கோடுகள் முழுமையாகத் தெரிந்தன, புள்ளி புள்ளியாக உடையவில்லை. இன்க்ஜெட்டில் அச்சிட்டிருந்தால் நிறம் புள்ளிகளாகத் தெரியும். மேலே வார்னிஷ் மஞ்சளேறி, மிக நுண்ணிய வெடிப்புகள் ஒழுங்கில்லாமல் ஓடின. முக்கியமானது கீறல்கள். ஓட்டின் பெயின்டில் தொடங்கும் ஒரு நீண்ட கீறல் கழுகின் இறக்கையைக் குறுக்கே வெட்டி மறுபக்கம் பெயின்டில் தொடர்ந்தது. கீறலுக்குள் கழுகின் மேலும் பெயின்டின் மேலும் ஒரே நிறத் துரு. கழுகு முதலில், கீறல் பிறகு, துரு அதற்கும் பிறகு. புற ஊதாவில் எந்தப் பளிச்சிடலும் இல்லை.

வலது பக்கம் வேறு கதை. அங்கேயும் கீறல்கள் உண்டு. ஆனால் அவை கேடயத்தின் ஓரத்தில் வந்து நின்றுவிட்டு, மறு ஓரத்தில் மறுபடி தொடங்கின. நடுவே கேடயம் முழுசாக இருந்தது. பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தபோது அந்தக் கீறல்கள் கேடயத்துக்கு அடியிலேயே ஓடுவது பள்ளமாகத் தெரிந்தது. ஏற்கெனவே கீறிய, ஏற்கெனவே துருப்பிடித்த ஓட்டின் மேல் ஒட்டப்பட்ட சின்னம் இது. புற ஊதாவில் அதன் வெள்ளைப் பட்டை தாடைவாரின் நூலைப் போலவே ஒளிர்ந்தது. அதற்கு முன்பு அங்கே அசல் கேடயம் ஒன்று இருந்து சுரண்டி எடுக்கப்பட்டதா என்றும் பார்த்தேன், ஏனென்றால் பழைய ஹெல்மெட்டுகளில் இருந்த கேடயத்தை அழிக்கவும் ராணுவம் சொல்லியிருந்தது. சுரண்டிய தடமோ, பழைய கேடயத்தின் எல்லைக்கோடோ இல்லை.

சிலர் இந்த இடத்தில் அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்ப்பார்கள்: நிறம் வந்தால் போலி, வராவிட்டால் அசல் என்று ஒரு கணக்கு. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பழைய வார்னிஷும் அசிட்டோனில் கரையலாம், சில புதிய பூச்சுகள் கரையாமல் நிற்கலாம். சோதனை பொய் சொல்லும், அதோடு சாட்சியத்தையும் அழித்துவிடும். வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் போதுமான இடத்தில் ரசாயனத்துக்கு வேலையில்லை.

கேடயம் எப்போது வந்தது என்பதற்கு ஆல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உதவியது. அதில் சுவர் அலமாரியில் இந்த ஹெல்மெட் தன் வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு இருந்தது. பழைய படங்களில் ஒரு பொறி உண்டு: நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டால் வலது இடதாகிவிடும். அதனால் முதலில் படத்தில் இருந்த காலண்டரின் எழுத்துகளைப் பார்த்தேன். நேராகவே இருந்தன. ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் காற்றுத்துளை தெரிகிறது, முன்பக்க நெளிவு தெரிகிறது, கேடயம் இல்லை.

படத்தைக் காட்டியதும் பெரியப்பா தானே சொன்னார். கல்லூரி நாளில் ஒரு கண்காட்சிக்கு இந்த ஹெல்மெட்டை எடுத்துப் போனாராம். புத்தகத்தில் பார்த்த படத்தில் இரண்டு பக்கமும் சின்னம் இருந்ததால், மாதிரி பொம்மைகளுக்கு ஒட்டும் சின்னம் வாங்கி வலது பக்கம் ஒட்டி, புதுத் தாடைவாரும் மாட்டினார். "முழுசா இருக்கட்டும்னுதான் செஞ்சேன் தம்பி" என்று பேரனைப் பார்த்துச் சொன்னார். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லாத மாற்றம். ஆனால் இன்னொரு தலைமுறை கழிந்து இது விற்பனைக்குப் போயிருந்தால், 'வீட்டிலிருந்து நேரே வந்த இரட்டைச் சின்ன எம்40' என்றுதான் வாங்குபவர் நம்பியிருப்பார். வீட்டிலிருந்து வந்தது என்பதையே அசலுக்கு உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. வீட்டுக்குள்ளும் மாற்றங்கள் நடக்கும், செய்தவர் மறைந்துவிட்டால் சாட்சி இல்லாமல் போகும்.

பெயர்

பிடரிப் பக்கம், உட்புறத்தில், வெள்ளைப் பெயின்டில் ஒரு பதவிச் சுருக்கமும் குடும்பப் பெயரும் எழுதியிருந்தன. பெயரை இங்கே தரவில்லை. எழுத்தின் மேல் அழுக்கும், அழுக்கின் மேல் தோலிலிருந்து வந்த வியர்வைக் கறையும் படிந்திருந்ததால் அது ஹெல்மெட் பயன்பாட்டில் இருந்த காலத்தியது என்று கொள்ள நியாயம் உண்டு. ஐந்து இலக்கக் களத்தபால் எண் சேர்ந்திருந்தால் எந்தப் படைப்பிரிவு என்று தேட வழி கிடைத்திருக்கும். அது இல்லை. பேரன் உடனே இணையத்தில் தேடி, அதே குடும்பப் பெயரில் இறந்த ஒரு வீரரின் கல்லறைப் பதிவைக் கண்டுபிடித்து, 'இவர்தான்' என்றார். ஜெர்மன் போர்க்கல்லறை அமைப்பின் பதிவுகளில் ஒரு குடும்பப் பெயருக்குப் பல பேர் வருவார்கள். வீரர்களின் ஆவணங்கள் இப்போது ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, 2019இல் பெர்லினில் இருந்த பழைய அலுவலகம் அதோடு இணைந்தது. அங்கே விண்ணப்பிக்கலாம், ஆனால் குடும்பப் பெயர் மட்டும் போதாது. உறுதியில்லாமல் ஒரு மனிதரின் மரணத்தை ஒரு பொருளோடு முடிச்சுப் போடக் கூடாது என்று சொல்லி, அந்தப் பெயரை அறிக்கையில் சேர்க்க மறுத்தேன். எழுத்து எங்கே, எப்படி இருக்கிறது என்பதை மட்டும் படத்தோடு பதிவு செய்தேன்.

அறிக்கையில் எழுதியது

தட்டையானது: 1940 முத்திரையுள்ள பிரிட்டிஷ் மார்க் 2 வடிவம், சாதாரண எஃகு, பொதுமக்கள் தற்காப்புப் பணிக்கானது, வார்டன் எழுத்தின் மேல் பிற்காலப் பழுப்புப் பெயின்ட், உறுதி. தாத்தாவுடையது என்பது மகளின் சாட்சியம், நம்பத்தக்கது.

சாம்பல் நிறமானது: ஓடு, பெயின்ட், உள்தோல், ஆணிகள் அசல், ஒன்றாகவே இருந்தவை, உறுதி. கழுகு அசல்; மிகப் பெரும்பாலும். பெயர் பயன்பாட்டுக் காலத்தது, பெரும்பாலும். தாடைவாரும் வலது கேடயமும் பிற்காலத்தவை, குடும்பத்தாரே சேர்த்தவை, உறுதி. போர்க்களத்தில் எடுத்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. நண்பர் கொடுத்தார் என்பது மகளின் சாட்சியம்.

கழுகின் காலடியில் ஸ்வஸ்திகா இருப்பதையும் குறிப்பிட்டேன். ஜெர்மனியில் அதைப் பொதுவெளியில் காட்டுவது குற்றம், கல்வி, ஆய்வு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நாடு விட்டு நாடு அனுப்புவதாகவோ கண்காட்சிக்குக் கொடுப்பதாகவோ இருந்தால் அந்தந்த நாட்டுச் சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும்.

பாதுகாப்புக்குச் சொன்னது கொஞ்சம்தான்: ஈரமில்லாத இடம், வெயில் படாத அலமாரி, அமிலமில்லாத காகிதம் சுருட்டி உள்ளே வைத்து உள்தோலுக்குத் தாங்கல். தோலுக்கு எண்ணெய் போடக் கூடாது, அது ஊறி ஓட்டின் பெயின்டுக்குள் போகும். வெறும் கையால் தொடாமல் கையுறை போட்டுக்கொண்டால் வியர்வை உப்பு புதுத் துருவைக் கிளப்பாது.

கடைசியாக ஒரு விவாதம். பெரியப்பா வலது கேடயத்தை எடுத்துவிடச் சொன்னார், தன்னால் ஒரு பழைய பொருள் கெட்டுவிட்டது என்ற வருத்தம் அவருக்கு. வேண்டாம் என்றேன். அந்த ஒட்டு இத்தனை காலத்தில் அடியில் இருக்கும் பெயின்டோடு பிணைந்துவிட்டது, உரித்தால் அசல் பெயின்டும் சேர்ந்து வரும். இப்போது அது யார், எதற்காக ஒட்டியது என்று தெரிந்த சின்னம், மறைக்க ஒன்றும் இல்லை. எப்போது, எப்படி ஒட்டினார் என்பதை அவரே கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தத் தாளும் ஆல்பப் படத்தின் நகலும் அறிக்கையோடு சேர்ந்திருக்கின்றன.